கைப்பைக்கு வந்த இதயத்துடிப்பு

மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகைக்கு மறுபடியும் நல்ல காலம் பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வாசலில் வரிசை சேர்ந்துவிட்டது. அது செருப்புக் கடையைத் தாண்டி, முடி திருத்தும் நிலையத்தைத் தாண்டி, மூலையிலிருந்த மருந்துக் கடை வரை வளைந்து போனது. மருந்துக் கடைக்காரர் கன்னத்துக்குக் கைகொடுத்து உட்கார்ந்து, தன் வாடிக்கையாளர்கள் எல்லோரும் தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் எல்லோருக்கும் இதயத் துடிப்பில் கோளாறு. சிலருக்கு அது ஓடியது. சிலருக்கு நொண்டியது. சிலருக்கு ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு இருக்கும்போது நமக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்ற சந்தேகத்தில் வந்திருந்தார்கள். அத்தனை பேரையும் தாளத்துக்குக் கொண்டுவர உள்ளே ஒருவர் இருந்தார். பெயர் லயகுரு.

லயகுரு தன்னை டாக்டர் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அது அவருடைய அடக்கம் என்றார்கள். சொன்னால் போலீஸ் வரும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவர் விற்றது லயாமிர்தம் என்ற கேப்ஸ்யூல். அதில் மெக்னீசியம் இருந்தது, மீன் எண்ணெய் இருந்தது, வாயில் நுழையாத பெயருள்ள இன்னும் சில பொருட்கள் இருந்தன. பெயர் வாயில் நுழையாததாலேயே வயிற்றில் நுழைந்தால் அற்புதம் செய்யும் என்று நம்பப்பட்டது.

நம்பிக்கைக்கு ஆதாரமும் உண்டு. காதால் கேட்கிற ஆதாரம். நோயாளியை மேடையில் நாற்காலியில் உட்காரவைத்து விரலில் ஒரு கவ்வியை மாட்டுவார்கள். கவ்வியிலிருந்து கம்பி ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து கொட்டகையின் பழைய ஒலிபெருக்கிகளுக்கு. டப். டப்டப். கொஞ்சம் மௌனம். டபடபடப். கேட்கிறவர்களுக்கே மூச்சு முட்டும். பிறகு நோயாளி கேப்ஸ்யூலை விழுங்குவார், லயகுரு கண்ணை மூடுவார், அவ்வளவுதான். டப், டப், டப் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நடப்பதுபோல் துடிப்பு நடக்கும். கைத்தட்டலில் கூரைத் தகடு அதிரும். குணமானவர் எழுந்து, இதுவரை சாப்பிட்டுவந்த மாத்திரைகளை மேடை ஓரத்திலிருந்த பெரிய கண்ணாடிக் குடுவையில் கொட்டிவிட்டு இறங்குவார். அதற்கு விடுதலைக் குடுவை என்று பெயர்.

முதல் வரிசையில், 'லயத் தூதர்' என்று எழுதிய பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் விளக்கம்.

விளக்கம் என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். துணி துவைக்கும் இயந்திரம் செய்யும் கம்பெனியில் அவர் புகார்ப் பிரிவுக்கு மேலாளர். துணி கிழிந்ததா? துணியின் தரம். தண்ணீர் ஒழுகியதா? தரையின் சாய்வு. இயந்திரம் ஆடி ஆடி அடுத்த அறைக்கே போய்விட்டதா? "அது தன்னோட முழுத் திறனைக் காட்டுதுங்க." கோபமாக அழைத்தவர்கள் தங்கள் வீட்டுத் தரையை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு போனை வைப்பார்கள். இத்தனை வருடத்தில் ஒரு புகாரைக்கூட அவர் ஒப்புக்கொண்டதில்லை. அதற்காக ஒரு கேடயம்கூட வாங்கியிருந்தார்.

இப்படிப்பட்டவரை யார் ஏமாற்ற முடியும் என்று அவருக்கே ஒரு பெருமை. ஏமாற்றுகிற ஆள் வெளியிலிருந்துதான் வருவான் என்று எதிர்பார்த்ததுதான் பிழை.

போன வருடம் அவருடைய இதயம் தாளம் தப்பியது. மருத்துவமனையில் ஒரு வரைபடம் எடுத்துப் பார்த்துவிட்டு, துடிப்பின் வேகத்தை அடக்க ஒரு மாத்திரையும் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். இதயத்தில் கட்டுகிற ரத்தத் துணுக்கு மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும் என்று எச்சரித்தார்கள். பிறகு லயகுரு வந்தார். மாத்திரைகள் குடுவைக்குப் போயின.

கேப்ஸ்யூல் சாப்பிட ஆரம்பித்த பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பழைய நச்சு வெளியேறுகிறது என்று விளக்கம் விளக்கினார். படபடப்பு கூடியது. இதயம் புதுத் தாளம் பழகுகிறது என்றார். தலை சுற்றியது. உடம்பு நன்றி சொல்கிறது என்றார். இதில் எதையும் லயகுரு அவருக்குச் சொல்லித்தரவில்லை. இவர் சொன்னதைக் கேட்டு லயகுருதான் பிறகு மேடையில் பேச ஆரம்பித்தார். ஏமாறுகிறவரே ஏமாற்றுகிறவருக்கு வசனம் எழுதிக்கொடுத்தது அந்தத் தொழிலில் ஒரு புதுமை. கேடயம் கொடுக்கத்தான் ஆளில்லை.

அன்றைக்கு அவர் பக்கத்தில் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். அப்பாவிடமிருந்து இருவருக்கும் சொத்தாக வந்தது இந்தத் தாளம் தப்பிய இதயம் ஒன்றுதான். மடியில் ஒரு தடித்த கைப்பை, அதற்குள் அவளுடைய மாத்திரைகள். அந்தப் பையைக் காலி செய்யவைப்பதுதான் விளக்கத்தின் இன்றைய லட்சியம்.

"மாத்திரையெல்லாம் கொண்டுவந்திருக்கியா?"

"கொண்டுவந்திருக்கேன். அது இல்லாம நான் கடைக்குக்கூடப் போறதில்ல."

"இன்னையோட அந்தக் கவலை விட்டுச்சு. எல்லாத்தையும் குடுவையில போட்டுட்டுக் கையை வீசிக்கிட்டு வீட்டுக்குப் போலாம்."

அக்கா மேடையைப் பார்த்தாள். குணமாகித் தூதர் பட்டையும் வாங்கிக்கொண்ட ஒரு வங்கி ஊழியர் குடுவைக்கு எதிரே நின்று கண்ணீரோடு புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீ கேப்ஸ்யூலும் சாப்பிடற, டாக்டர் மாத்திரையும் சாப்பிடற. அப்படித்தானே?"

"மாத்திரையா? அதை விட்டு ரெண்டு மாசமாச்சே."

அக்காவின் கை பையின்மேல் அப்படியே நின்றது.

"ரத்தத்துக்குக் கொடுத்தாங்களே, அதையுமா?"

"அதையும்தான். எதுக்குத் தேவையில்லாம?"

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ பயப்படுவ. பயந்தா லயம் கெட்டுடும்."

"அப்பாவுக்கு ஒருநாள் காலையில வாய் கோணிச்சே, ஞாபகம் இருக்கா? ஆறு வருசம் நான்தான் ஊட்டினேன். நீ வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துட்டுப் போவ."

"அப்பா காலத்துல லயாமிர்தம் இல்லியேக்கா."

அவருக்கே அது நல்ல பதிலாகத் தோன்றியது. அக்கா அவரைப் பழுதான பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னை முதல்ல மேடை ஏத்து."

தூதரின் அக்கா என்பதால் வரிசையெல்லாம் தேவைப்படவில்லை. நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இடது கையின் ஆள்காட்டி விரலில் கவ்வி ஏறியது. டப். டபடப். டப். கொட்டகை பரிதாபப்பட்டு உச்சுக்கொட்டியது. லயகுரு கேப்ஸ்யூலை நீட்டினார். அக்கா வாயருகே கையைக் கொண்டுபோய்த் தண்ணீர் குடித்தாள். லயகுரு கண்ணை மூடினார்.

டப். டப். டப்.

கைத்தட்டல். விளக்கத்துக்குக் கண் கலங்கியது. கைத்தட்டல் அடங்கும் வரை அக்கா காத்திருந்தாள். அவள் வலது கையின் இரண்டு விரல்கள் இடது மணிக்கட்டில் இருந்தன. அப்பாவைப் பார்த்துக்கொண்ட வருடங்களில் நர்ஸ் ஒருத்தி சொல்லிக்கொடுத்தது.

"ஐயா, உங்க ஸ்பீக்கர்ல நேரா அடிக்குது. என் கையில இன்னும் தாறுமாறாத்தான் அடிக்குது. ரெண்டும் ஒரே இதயம்தானே?"

லயகுரு சிரித்தார். இதற்கெல்லாம் அசைகிறவர் இல்லை. "அம்மா, இயந்திரம் நுட்பமானது, விரல் முரடு. மாற்றம் முதல்ல இயந்திரத்துக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய ஒரு வாரம் ஆகும்."

மறுபடியும் கைத்தட்டல். முதல் ஆளாகத் தட்டியவர் விளக்கம். எவ்வளவு நேர்த்தியான பதில், நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று ஒரு தொழில் பொறாமைகூட எட்டிப் பார்த்தது.

"ரொம்ப நுட்பம்தான்," என்றாள் அக்கா. வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கேப்ஸ்யூல் அதில் நனையாமல் இருந்தது. "நான் இன்னும் முழுங்கவே இல்ல. அதுக்குள்ள அதுக்குத் தெரிஞ்சிடுச்சே."

கைத்தட்டல் பாதியில் நின்றது. அக்கா அவசரப்படவில்லை. விரலிலிருந்து கவ்வியைக் கழற்றினாள். மடியிலிருந்த கைப்பையின் வாரில் அதை மாட்டினாள். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

டப். டப். டப்.

கைப்பையின் இதயம் கொட்டகை முழுக்கக் கம்பீரமாகத் துடித்தது. அந்த வாரத்தில் அந்த மேடை ஏறியவர்களிலேயே ஆரோக்கியமானது அதுதான்.

பின்வரிசையில் யாரோ சொன்னார்: "பைக்கு ஒரு டோக்கன் போடுங்கப்பா."

சிரிப்பு தொடங்கியது.  லயகுரு கண்களால் முதல் வரிசையைத் தேடினார். விளக்கத்துக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். புகார் எல்லை மீறும்போது புதிதாகச் சேர்ந்த பணியாளர்கள் அவர் மேசையைப் பார்க்கிற பார்வை. அவருடைய கால்கள் தாமாகவே எழுந்தன.

"இதுக்கு ஒரு விளக்கம் இருக்கு," என்றார், மேடைப் படியில் தாவி ஏறிக்கொண்டே. "அக்காவோட விரல் அதிர்வு பையில தங்கியிருக்கு. தினமும் தூக்கிட்டுத் திரியற பை இல்லியா? பைக்கும் அவங்களுக்கும் ஒரு பழக்கம்…"

மேடை மைக் வழியாகத் தன் குரலைத் தானே ஒலிபெருக்கியில் கேட்டார். யாரோ ஒரு முட்டாள் பேசுவதுபோல் இருந்தது. நிறுத்தலாம் என்று நினைத்தார். ஆனால் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. லயகுருவின் பக்கத்தில் போய் நிற்கக் கம்பளத்தில் ஒரு எட்டு வைத்தார். காலுக்கடியில் ஏதோ அமுங்கியது.

துடிப்பு நின்றது.

காலை எடுத்து மறுபடி வைத்தார். டப், டப், டப். இன்னொரு முறை வைத்தார். மௌனம்.

"சார், காலை எடுங்க," என்றார் லயகுரு மெதுவாக. அந்த மேடையில் அவர் பேசிய முதல் உண்மை அது.

கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க இளைஞர்கள் நான்கைந்து பேர் ஏறினார்கள். கீழே ஒரு மிதிகட்டை. அதிலிருந்து போன கம்பி பெட்டிக்குள் ஒரு ஒலிப்பதிவுக் கருவியில் முடிந்தது. ஒரு மிதியில் விரலின் துடிப்பு போய்ப் பதிவின் துடிப்பு வரும், மறு மிதியில் அது நிற்கும். கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் கண்ணீரோடு கேட்டுக் கைதட்டியது ஒரே ஆளுடைய இதயத்தை. அது யாருடையது என்பது கடைசிவரை தெரியவில்லை. லயகுருவுடையதாகவே இருக்கலாம், அவருக்குத்தான் எந்தப் படபடப்பும் இருந்ததில்லை.

திரைக்குப் பின்னாலிருந்த கதவு வழியாக அவர் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் குடுவையைச் சுற்றி நின்றார்கள். கையை விட்டுத் துழாவினார்கள். வெள்ளையாக, உருண்டையாக, எது யாருடையதென்று தெரியாமல் அத்தனை பேருடைய மாத்திரைகளும் ஒன்றாய்க் கிடந்தன. வங்கி ஊழியர் ஒரு பிடி அள்ளிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

விளக்கமும் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். மணிக்கட்டைத்தான் பிடித்தாள். அவள் முகம் மாறியதை அவர் பார்த்தார். முதல்முறையாக அவருக்குப் பயம் வந்தது.

"எப்படி இருக்குக்கா?"

"வாயைத் திறக்காம என்கூட வா."

அவசர சிகிச்சைப் பிரிவில் மறுபடி வரைபடம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நல்லவேளையாக வாயும் கோணவில்லை, கையும் விழவில்லை. இளம் டாக்டர் கேப்ஸ்யூல் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"மெக்னீசியம் குறைஞ்சா நாங்களே கொடுப்போம் சார். குறைஞ்சிருக்கான்னு ரத்தத்துல பார்த்துட்டுக் கொடுப்போம். மீன் எண்ணெய் அதிகமாப் போனா சிலருக்கு இதே கோளாறு கூடவும் செய்யும். எது சாப்பிட்டாலும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாப்பிடுங்க. ரத்தம் கட்டாம இருக்கற மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?"

விளக்கத்தின் தொண்டை வரை பதில்கள் வந்து முட்டின. எல்லாமே நேர்த்தியானவை. 

"புத்தி கெட்டுப்போச்சும்மா," என்றார். இத்தனை வருடத்தில் அவர் ஒப்புக்கொண்ட முதல் புகார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சக லயத் தூதர், அந்த வங்கி ஊழியர்தான். குரலில் உற்சாகம் பொங்கியது.

"சார், நாங்க நாலு பேர் உட்கார்ந்து யோசிச்சோம். குரு மேல தப்பே இல்ல. அந்த மிதிகட்டையை எதிரிங்க யாரோ வெச்சிருக்கணும். அப்புறம் உங்க அக்காவோட பை, அது தோல் பைதானே? தோல்ல கொஞ்சம் உயிர் தங்கியிருக்கும் இல்லியா? நீங்கதான் இதை அழகா விளக்கமா எழுதித் தரணும்."

விளக்கம் கைப்பையைப் பார்த்தார்.

"ரெக்சின்ங்க," என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தார்.

ஏமாற்றுகிறவனுக்கு ஒரு பெட்டியும் ஒரு மிதிகட்டையும் இருந்தால் போதும். மிச்ச வேலையெல்லாம் நாம் செய்துகொடுத்துவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு அற்புத டப்பா இருந்தால், அது ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு நீங்கள் தயாராக வைத்திருக்கும் காரணங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நோயைவிட அவை நிறைய இருந்தால், வைத்தியம் முதலில் தேவைப்படுவது இதயத்துக்கு இல்லை, கொஞ்சம் மேலே.