மூச்சு விட்டால் குற்றம்

தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கக் குனிந்த மருமகள், தூக்கும் முன் 'உஸ்ஸ்ஸ்...' என்று நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரின் கை அப்படியே நின்றது.

"ஏம்மா, இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?"

"ஐயோ, ஒண்ணும் சொல்லலையே அத்தை!"

"அப்புறம் எதுக்கு இந்தப் பெருமூச்சு?"

காரணம் இருந்தது. பிரசவத்தில் மருமகளின் வயிற்றுத் தசை நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஏழு மாதமாகியும் ஒன்றுசேராமல் அடம்பிடித்தது. மூச்சை வெளியே விடு, வயிற்றை உள்ளே இழு, அப்புறம் எதை வேண்டுமானாலும் தூக்கு என்பது பிசியோதெரபி அம்மாவின் கண்டிப்பான உத்தரவு. குழந்தையானாலும் சரி, தலையணையானாலும் சரி.

இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? "மூணு பெத்தேன். மறு வாரமே எழுந்து வாளி வாளியா துவைச்சேன்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் மார்தட்டும் மனுஷி அவர். அவரிடம் போய் 'என் வயிறு கூடவில்லை' என்றால் மானம் என்னாவது? ஆனால் அவரைக் கோபப்படுத்தவும் முடியாது. அடுத்த மாதம் மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியாரை விட்டால் நாதியில்லை. அவர் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பினால் வேலைக்கு முழுக்குத்தான்.

எனவே மறுநாள் வாயை இறுக மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் மூக்கு வழியாக மூச்சு விட்டாள். கன்னம் உப்பி முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"உன் பொண்டாட்டி காலையிலேருந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கா" என்று மகனிடம் புகார் போனது.

சரி, அறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தாள். இடுக்கு வழியாக 'உஸ்... உஸ்...' வெளியே கேட்டது.

"கதவைச் சாத்திக்கிட்டு அழறா. நான் என்ன கொடுமையா படுத்தறேன்?" என்றார் மாமியார்.

வேறு வழியில்லாமல் கணவனைத் தூது அனுப்பினாள். "வயித்து விஷயத்தை மட்டும் சொல்லிடாதீங்க. பக்குவமா பேசுங்க." அவனுக்கும் பக்குவத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

"அம்மா, அவ பெருமூச்சு விடறது உன்னால இல்லம்மா."

"என்னாலன்னு நான் சொன்னேனாடா? அப்ப என்னாலதான்!"

அதன் பிறகு ஆரம்பித்தது புதுக் கூத்து. மாமியாரும் மூச்சு விடத் தொடங்கினார். வாளியைத் தூக்கினால் 'உஸ்ஸ்ஸ்'. நாற்காலியை நகர்த்தினால் 'உஸ்ஸ்ஸ்'. மருமகளுடையதைவிட அரை முழம் நீளம்!

"பாருங்க, என்னை மாதிரியே செஞ்சு காட்டறாங்க" என்று மருமகள் கணவனிடம் பொருமினாள்.

"நீ நிறுத்து, அவங்களும் நிறுத்திடுவாங்க."

"நான் நிறுத்தினா வயிறு யாருது, உங்களுதா?"

அது போதாதென்று மாமியார் குழந்தையைத் தூக்குவதையும் நிறுத்திவிட்டார். "மடியில கொண்டாந்து வை, கொஞ்சறேன். தூக்கச் சொல்லாதே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நாள் மகளோடு போனில் அவர் கிசுகிசுத்தது மருமகள் காதில் விழுந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்தான்டி. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான். அவளுக்குத் தெரிய வேணாம்."

மகள் வீட்டுக்குக் கிளம்பத்தான் திட்டம் என்று மருமகள் முடிவுகட்டினாள். மறுநாள் காலையில் மாமியார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "தெரிஞ்சவங்களைப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பியதும் மருமகளுக்கு உயிரே போய்விட்டது. டிக்கெட் எடுக்கத்தான் போகிறார், வேறென்ன!

தன்னுடைய முறை இல்லாத நாளாக இருந்தும், குழந்தையைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு நேராகப் பிசியோதெரபி நிலையத்துக்கு ஓடினாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் வாய் திறப்பதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"எனக்கு இந்தப் பயிற்சியே வேணாம்மா! வயிறு கூடினா கூடட்டும், கூடாட்டி போகட்டும். எங்க அத்தை என்னை விட்டுட்டுப் போகப் போறாங்க. வேலைக்காக மட்டும் சொல்லல. அவங்க திட்டினாலும் பரவாயில்ல, அவங்க இல்லாம அந்த வீட்ல எனக்கு ஒரு நாள் ஓடாது!"

அவள் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது. மேசைப் பெண் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்து, பின்னால் தொங்கிய பச்சைத் திரையைக் காட்டினாள்.

"மெதுவாக்கா, உள்ளே ஒரு பெரியம்மா மூச்சுப் பயிற்சியில இருக்காங்க, மூணு பெத்து முப்பது வருஷமா பிரிஞ்சே கிடந்த வயிறாம், மருமக வேலைக்குப் போறதுக்குள்ள பேத்தியைத் தூக்கற அளவுக்குத் தேத்திக் குடுங்கன்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க!"