டிப்கோம்ப் நத்தைகளின் மறுகுடியமர்வு

நத்தைக்கும் மனம் உண்டு என்பதை உலகிலேயே முதன்முதலில் தீர்மானம் போட்டு ஒப்புக்கொண்ட பேரவை, இங்கிலாந்தின் டெவன் பகுதி டிப்கோம்ப் கிராமத்தின் பிரிம்ரோஸ் பூ வளர்ப்போர் சங்கம்தான். அந்தப் பெருமையைச் சுமந்தே கூன் விழுந்தவர் அதன் செயலாளர் செப்டிமஸ் யோ.

அவருடைய தோட்டம் வடக்குப் பார்த்த சரிவு. தலைக்கு மேல் வெயிலை மறைக்கும் பீச் மரங்கள், காலடியில் ஓடை. கொடியில் போட்ட காலுறை அடுத்த தேர்தலுக்குள் காய்ந்தால் அதிர்ஷ்டம். வேறெதுவும் பிழைக்காத அந்த ஈரத்தில் பிரிம்ரோஸ் பிழைக்கும் என்று அவர் நம்பினார். குளிர்காலத்தில் தட்டில் மண் நிரப்பி, விதையை மேலாகத் தூவி, மூடாமல் பனியில் விறைக்கவிட்டார். வசந்தத்தில் ஊசிமுனை அளவுக்குப் பச்சை எட்டிப் பார்த்தது. செப்டிமஸ் மண்டியிட்டு அழுதார். மழை பெய்துகொண்டிருந்ததால் மானம் பிழைத்தது.

மறுநாள் பாதி நாற்றைக் காணோம். ஓடில்லாத நத்தைகள் தின்றுவிட்டு, வெள்ளிக் கோட்டில் கையெழுத்தும் போட்டுப் போயிருந்தன.

அவசரக் கூட்டம் கூடியது. தலைவி லவ்டே சக் அம்மையார் கருணையே உருவாக எழுந்தார்.

"நத்தையை 'பூச்சி'ன்னு யாரும் சொல்லாதீங்க. மனசு புண்படும்."

"யார் மனசு?" என்றாள் செப்டிமஸின் பக்கத்து வீட்டு டோர்காஸ் லஸ்கோம்.

"நத்தை மனசுதான்! இனிமே அதுங்க 'சக தோட்டக்காரர்கள்'. கொல்லக் கூடாது. 'மறுகுடியமர்த்த'ணும்."

"எங்க கொண்டுபோய்?"

"அது இந்தக் கூட்டத்தோட பொருள் இல்ல."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வழிமொழிந்தவர் செப்டிமஸ்.

அன்று முதல் காலையில் எழுந்ததும் நத்தைகளை வாளியில் பொறுக்கி, உரிய மரியாதையுடன் மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தார். சாயங்காலம் பார்த்தால் அதே கூட்டம், அதே பசி. ஒருநாள் மதில்மேல் எட்டிப் பார்த்தார். எதிரே டோர்காஸ், கையில் வாளி.

"என்னம்மா பண்றீங்க?"

"மறுகுடியமர்த்தறேன் ராசா. நீ?"

"நானும்தான்."

"அப்ப என் கீரையைத் தின்னது உன் ஆளுங்களா?"

"உங்க ஆளுங்கதாம்மா. எங்க வீட்டு விருந்து முடிஞ்சு திரும்பியிருக்கும்."

டோர்காஸ் சும்மா விடவில்லை. தன் நத்தைகளின் முதுகில் ரோஸ் நிற நகப்பூச்சு வைத்தாள். மறுநாள் செப்டிமஸின் நாற்றுத் தட்டில் ரோஸ் முதுகுகள் ஊர்வலம் போயின. ஒன்றைச் சாட்சியாக உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு தலைவியிடம் ஓடினார்.

"நிறம் பார்த்துப் பிரிக்கறீங்களா?" அம்மையார் அதிர்ந்தார். "வெட்கமா இல்ல?"

செப்டிமஸுக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. நத்தையிடம் மன்னிப்புக் கேட்டு, தட்டிலேயே இறக்கிவிட்டார்.

கோடை முடிவில், நத்தையைக் கொல்லாமல் நாற்று வளர்த்தவருக்குச் சங்கம் தரும் கருணைக் கோப்பைக்காக நடுவர்கள் வீடு வீடாக வந்தார்கள். செயலாளர் என்ற முறையில் செப்டிமஸும் கூடவே நடந்தார். அவர் தட்டில் மிஞ்சியது ஒரே நாற்று. டோர்காஸிடம் அதுவுமில்லை. தலைவி வீட்டிலோ பிரிம்ரோஸ் நாற்றுகள் முட்டைக்கோசு மாதிரி கொழுத்து நின்றன. ஓர் இலையில்கூட ஓட்டையில்லை.

"நத்தையே வரலையா மேடம்?"

"வருதே. உட்காரவெச்சுப் பேசுவேன். புரிஞ்சுக்கும்."

செப்டிமஸ் குனிந்தார். "மண்ணுல நீலமா ஏதோ கிடக்கே?"

"அலங்காரக் கல்."

"சுத்தி நத்தையெல்லாம் படுத்திருக்கே?"

"தியானம் பண்ணுதுங்க."

ஒன்றை விரலால் தொட்டார். அசையவில்லை.

"ஆழ்ந்த தியானம்," என்றார் அம்மையார். "தொந்தரவு பண்ணாதீங்க."

கருணைக் கோப்பை அவருக்கே கிடைத்தது. செப்டிமஸ்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். தட்டி முடித்ததும் பூச்சிமருந்துக் கடைக்கு ஓடினார். அங்கே ஏற்கெனவே சங்கம் மொத்தமும் வரிசையில் நின்றது. அலங்காரக் கல்லின் கடைசிப் பொட்டலத்துக்காக அவரும் டோர்காஸும் கட்டிப் புரண்டார்கள்.

டிப்கோம்பில் இன்றுவரை ஒரு நத்தைகூடக் கொல்லப்பட்டதில்லை. எல்லாம் தியானத்தில் இருக்கின்றன. எழுந்ததாகத்தான் தகவல் இல்லை.