இராக்கம்மாவுக்கு மூன்றாம் நம்பர்

"கேள்வி கேட்டு உருப்பட்டவன்னு மனுஷ வரலாற்றிலேயே ஒருத்தனும் கிடையாது" என்று நிஷாந்த் அறிவித்தபோது அவன் கையில் பிளேன்டீயும், முன்னால் அவசரமாக எழுதி முடித்த வழிகாட்டியும் இருந்தன. கொஸ்லந்த தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம்.

பதுளையில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பனி, தேயிலைத் தோட்டங்களுக்கு மென்பொருள் செய்கிறது. ஆட்களின் பதிவுகளை ஓர் ஏ.ஐ. ஏஜன்டே எழுதிவிடும். எழுதுமுன் எந்தக் கட்டத்தில் எந்த எண் போக வேண்டும், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அது பார்த்துக்கொள்ள ஸைனப் ஒரு தேடுகருவி செய்திருந்தாள். அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜன்டுக்கு எழுதிக்கொடுப்பது நிஷாந்தின் வேலை.

"உதாரணத்துல லீவுக்கு மூணுன்னு போட்டிருக்கீங்களே, கருவியில பாத்தீங்களா?" என்றாள் ஸைனப்.

"பாக்க என்ன இருக்கு? மூணுன்னா லீவுதான். முகத்தைப் பாத்தாலே தெரியுதே."

"ஏஜன்ட் தேடிப் பாக்கும் நிஷாந்த். ஒத்துவரலன்னா அந்தந்த ஆளுக்கே போன் எடுத்துக் கேட்டுக்கும்."

"ஒவ்வொன்னுக்கும் சம்மதம் கேக்க இது என்ன பொண்ணு பாக்கிற வைபவமா?"

அத்தோடு விடாமல், 'தன்னம்பிக்கை உள்ளவன் தேடிக்கொண்டிருக்க மாட்டான்' என்று வழிகாட்டியின் முதல் பக்கத்தில் ஒரு வரியையும் சேர்த்துவிட்டுப் பஸ் ஏறினான்.

அன்று மூன்று மணிக்குத் தோட்டத்தை நடத்தும் தொரை வந்து பார்ப்பார். அவர் தலையசைத்தால் கம்பனிக்குத் தோட்டம் கிடைக்கும். ஆறு மாதமாக இழுபடும் நிஷாந்தின் வேலையும் நிரந்தரமாகும். அசைக்காவிட்டால் அவன் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து கீழே பேக்கரியில் வேலை கேட்கலாம்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கப்பிள்ளை மாரிசாமி காத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை கோயில் தீர்த்தத் திருவிழா தம்பி. எட்டாம் நம்பர் மலையில கொழுந்தெடுக்கிற நாப்பத்திரண்டு பொம்பளைங்க வேலைக்கு வரல. லீவு போடச் சொல்லுங்க பாப்போம்."

நிஷாந்த் ஏஜன்டுக்குக் கட்டளையிட்டான். வழிகாட்டியில் உள்ளபடி, மூன்று. ஏஜன்ட் சிறிது நேரம் யோசித்தது. எதிர்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களின் சிரிப்பு காற்றில் வந்தது. பிறகு பிரின்டர் ஓடத் தொடங்கியது.

மாரிசாமி முதல் தாளை எடுத்தார். "ஆழ்ந்த அனுதாபமா? தம்பி, என்ன இது? எட்டாம் நம்பர் மலையே செத்துப்போயிருக்கு!"

அந்தத் தோட்டத்தில் ஓர் ஆள் இறந்தால் எல்லோருக்கும் அரைநாள் லீவு. ஏஜன்ட் பெருக்கிப் பார்த்து, நாளையிலிருந்து இருபத்தொரு நாளுக்கு, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டை நிறுத்திவிட்டிருந்தது. மேசையிலிருந்த போன் அலறியது. தோட்டத்துத் தச்சாசாரி. சவப்பெட்டிக்கும் ஏஜன்ட் சொல்லிவிட்டிருந்தது.

"பெட்டி நாப்பத்திரண்டா?" என்று கேட்டுவிட்டு மாரிசாமி போனைப் பொத்தினார். "பலகை பத்தாதாம் தம்பி. ரெண்டு ரெண்டு பேரா வைக்கலாமான்னு கேக்குறாரு."

"சின்ன விஷயம். ஒன்னு போட்டா எல்லாரும் எழும்பி வந்துருவாங்க."

"கேட்டுட்டுப் போடுங்களேன்."

"கேக்கிறதுக்கு நேரமில்லீங்க."

ஒன்றைப் போட்டான். மறுபடி மலையில் சிரிப்பு. பிரின்டர் இம்முறை வரவேற்புக் கடிதங்களைத் துப்பியது.

"முப்பத்தொரு வருஷமாக் கொழுந்தெடுக்கிற இராக்கம்மா இன்னைக்குத்தான் புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கு" என்று மாரிசாமி வாசித்தார். "ஆளுக்கொரு புதுக் கூடை, புதுக் கம்பளி. ஸ்டோர்ல மூணு கம்பளிதான் இருக்கு. அதுல ஒன்னுல பூனை குட்டி போட்டிருக்கு."

நிஷாந்த் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஐந்தைப் போட்டான்.

இந்த முறை சிரிப்பு அடங்கவே இல்லை. மாரிசாமி தாளை இரண்டு தடவை வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் தடவையும் வாசித்தார்.

"பிள்ளைப்பேற்று லீவு. நாப்பத்திரண்டு பேருக்கும். இராக்கம்மாவுக்கு அம்பத்தேழு வயசு தம்பி. புருஷன் போய்ப் பத்து வருஷம். லயத்து வீடுகள் பக்கம் நான் எப்படித் தலை காட்டுறது?"

கீழ் வளைவில் தொரையின் ஜீப் உறுமியது.

நிஷாந்த் கம்ப்யூட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். பலமாக இருமினான். இருமலின் மறைவில் ஸைனப்பின் தேடுகருவியைத் திறந்து, 'லீவுக்கு என்ன நம்பர்?' என்று ஒரே விரலால் தட்டினான். உடனே பட்டியல் வந்தது. ஒன்று, புதிதாகச் சேர்ந்தவர். இரண்டு, வேலையில். மூன்று, இறந்தவர். நான்கு, லீவு. ஐந்தை அவன் பார்க்க விரும்பவில்லை.

நான்கைத் தட்டப்போன விரல் நின்றது. கொழுந்து நிறுக்க இறங்கி வந்திருந்த இராக்கம்மா, கூடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நிஷாந்த் எழுந்து, மாரிசாமிக்குக் கேட்காதபடி இராக்கம்மாவின் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"அம்மா... வெள்ளிக்கிழமைக்கு உங்களுக்கு லீவுன்னு போடலாங்களா?"

"நீங்க இப்பத்தான் கேக்குறீங்க தம்பி. அந்த மெசின் மூணு தடவையும் மரியாதையா போன் எடுத்து, 'செத்துட்டீங்களா, புதுசா வந்தீங்களா, புள்ள பெறப் போறீங்களா'ன்னு கேட்டுச்சு. இருபத்தொரு நாள் லீவும் புதுக் கம்பளியும் குடுத்தா எவ தம்பி இல்லேன்னு சொல்லுவா?"