மானிட்டரில் ஒட்டிய பிழைதிருத்தம்

இன்டர்நெட்டைப் பசை தடவித் திருத்திய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் 'ஆகவே' அண்ணன்தான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் திண்டுக்கல்லில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். ஷிப்டு முடிந்து மில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், தலையில் பஞ்சோடு நேரே என் கடைக்கு வந்து, எண்களைப் பற்றிய நிரூபணங்களை இணையத்தில் ஏற்றுவார். "வெயில் அடிக்குது, தொண்ட காயுது, ஆகவே ஒரு டீ" என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

"இலவசமா பிளாக் தாராங்கண்ணே. படிக்கிறவங்க கீழ கருத்துச் சொல்லலாம்" என்றேன் ஒருநாள். முறைத்தார்.

"கணக்கு சரின்னா சரி, தப்புன்னா தப்பு. இதுல கருத்து எங்கிட்டுத் தாயி வருது?"

கருத்துப் பெட்டி இல்லாத வெறும் பக்கங்களாகவே கட்டினார். சமன்பாடுகளை ஸ்கெட்ச் பேனாவால் தாளில் எழுதி ஸ்கேன் செய்து போடுவார். ஒரு வர்க்கமூலக் குறி திரையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அதன் முடிவைப் பார்ப்பதற்குள் எனக்கு விரல் வலித்துவிட்டது. பக்கத்தின் அடியில் வந்துபோனவர் எண்ணிக்கை ஓடும். முக்கால்வாசி அவரேதான்.

ஒரு மாலை முகம் வெளுத்து ஓடிவந்தார். "தாயி, பூஜ்ஜியத்தால வகுத்துட்டேன்!"

பயோடேட்டா தட்டிக்கொண்டிருந்தவர் பதறி எழுந்தார். "யாருக்கு, என்னாச்சு? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாச்சா?"

முந்தின நாள் ஏற்றிய நிரூபணத்தின் ஏழாவது வரியில், இரண்டு எண்களின் வித்தியாசத்தால் வகுத்திருக்கிறார். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் வித்தியாசம் பூஜ்ஜியம். திருத்தலாமென்றால், ரோடு தோண்டியவர்கள் அன்று காலைதான் கேபிளை அறுத்திருந்தார்கள். ஊர் முழுக்க நெட் இல்லை.

"நெட்டே இல்லாதப்ப யாருண்ணே பாக்கப் போறா?"

"நமக்குத்தான் இல்ல. அமெரிக்காக்காரனுக்கு இருக்கும்ல?"

மறுநாள், புத்தகங்களில் பிழைதிருத்தம் ஒட்டுவார்களே, அந்த மாதிரிச் சீட்டுகளோடு வந்தார். 'ஏழாவது வரியில் இரு எண்களும் சமமல்ல எனக் கொள்க. பிழைக்கு வருந்துகிறேன்.' மைதாப் பசையைத் தடவி என் நாலு மானிட்டரிலும் ஒட்டினார். பிறகு ஊரிலிருந்த மற்ற சென்டர்களுக்கும் போய் ஒட்டினார். மூன்றாம் நாள் நெட் வந்ததும் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வந்த ஒரு பெண், அதைப் படித்துவிட்டு, "எம் மார்க்கக் கொறச்சுட்டாங்களாக்கா?" என்று அழவே தொடங்கிவிட்டாள்.

அண்ணன் வரியைத் திருத்தினார். எண்ணிக்கையைப் பார்த்தார். தன் வருகையைக் கழித்த பிறகும், மூன்று நாளில் ஒன்று கூடியிருந்தது.

"ஒருத்தர் தப்போட படிச்சிட்டுப் போயிட்டாரு தாயி. அவர எங்க போய்த் தேடுவேன்?"

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. "அது நாந்தாண்ணே. மதுரையில சித்தி வீட்டுக்குப் போனப்பப் பாத்தேன்."

அண்ணன் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். "மன்னிச்சிரு தாயி. ஒனக்குத் தப்பான கணக்கக் காட்டிட்டேன்." திருத்திய வரியை என்னைச் சத்தமாக வாசிக்க வைத்தார். அதற்குப் பிறகுதான் பரோட்டாக் கடைக்குப் போனார்.

நான் மதுரைக்குப் போகவேயில்லை. படித்தது யாரென்று இன்றும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அண்ணன் போட்ட ஒவ்வொரு பக்கத்தையும், ஒன்றும் புரியாவிட்டாலும், முதல் ஆளாகத் திறந்து கடைசி வரி வரை படித்தேன்.