நான்கு விரற்கடைப் பீடை

டயர் கடையின் மாடிக்கு நுரையார் என்ற சாமியார் குடிவந்த மூன்றாம் வாரமே படிக்கட்டின் கைப்பிடி ஆட ஆரம்பித்துவிட்டது. அவ்வளவு கூட்டம். எல்லாரும் முகம் கழுவ வந்தவர்கள். அவரவர் வீட்டிலும் குழாய் இருந்தது. ஆனால் அந்தக் குழாய்கள் தீர்ப்புச் சொல்வதில்லை.

நுரையாரின் முறை எளிது. 'தூய நீர்' என்று தெளிவான ஒரு திரவத்தை ஊற்றி, வந்தவர் முகத்தில் நூறு எண்ணும்வரை தேய்ப்பார். உள்ளே இருக்கும் பீடை நுரையாக வெளியே வரும். அவருடைய தங்கை அதை விரல் வைத்து அளப்பாள். ஒரு விரற்கடை என்றால் சில்லறைப் பொறாமை. நான்கு என்றால் குடும்பத்தையே கவிழ்க்கும் பீடை. சோப்பு என்றால் கண் எரியும், இது எரியவில்லை, ஆகவே இது சோப்பில்லை. படித்தவர்களே இப்படித்தான் வாதாடினார்கள்.

சாவிக்கடைக்காரரின் மனைவி அன்று வேலை முடிந்து நேராக அங்கே வந்தாள். முகம் கழுவும் திரவம் தயாரிக்கும் தொழிற்சாலையில் கலவைத் தொட்டி அவள் பொறுப்பு. கையையும் முகத்தையும் நன்றாகக் கழுவாமல் அங்கிருந்து யாரும் வெளியே வர முடியாது. மாமியாரோ, தலையில் வைத்த எண்ணெய் கன்னம்வரை இறங்க, தன் மகனான அவள் கணவனோடு முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். மகனின் கடைக்கு ஏன் ஆள் வருவதில்லை என்று தெரிந்தாக வேண்டும். அவன் கடையைப் பதினொரு மணிக்குத் திறப்பது யாருக்கும் காரணமாகப் படவில்லை.

மாமியார் முகத்தில் நுரை எழவே இல்லை. அப்பழுக்கில்லாத ஆத்மா என்றார் நுரையார். மருமகள் முகத்தில் நான்கு விரற்கடை. மூக்கே காணாமல் போனது. இவள் இருக்கும்வரை கடை தேறாது, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று தீர்ப்பானது. கணவன் தலையாட்டினான். அவன் எவ்வளவு சீக்கிரம் ஆட்டினான் என்பதை அவள் நுரைக்குள்ளிருந்தே பார்த்தாள். கண்தான் எரியவில்லையே.

அந்த வழுவழுப்பு அவளுக்குத் தெரியும். தினமும் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கலக்குகிறாள். தோலைப் புண்ணாக்காத மென்மையான அழுக்குநீக்கி. அதன் ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். எண்ணெய் கிடைத்தால் அதைக் கட்டிக்கொண்டு கிடக்கும். கிடைக்காவிட்டால் வேலையில்லாமல் காற்றோடு கூட்டுச் சேர்ந்து நுரைக்கும். இதை எடுத்துச் சொன்னாள். பீடை பிடித்தவர்கள் இப்படித்தான் நிறையப் பேசுவார்கள் என்றது கூட்டம்.

"சரிங்க ஐயா," என்றாள். "என்னை அனுப்பறதுக்கு முன்னாடி, அத்தை முகத்த இன்னொரு தடவை கழுவிடுங்க."

மாமியார் பெருமையோடு போய் உட்கார்ந்தார். இருந்த எண்ணெய் முதல் கழுவலிலேயே போயிருந்தது. இரண்டாவதில் நுரை பொங்கியது. நான்கரை விரற்கடை.

"அஞ்சு நிமிஷத்துல என் ஆத்மாவுக்கு என்னய்யா ஆச்சு?" என்று நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

மருமகள் பக்கத்தில் உட்கார்ந்ததால் ஒட்டிக்கொண்டது என்றார் நுரையார்.

"அப்போ எதுவும் ஒட்டாத உங்க முகத்துல காட்டுங்க," என்றாள் மருமகள். "ஒரு கன்னத்துல மட்டும் எண்ணெய்."

அவர் தியான நேரம் என்று எழுந்தார். மாமியார் அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, தன் கொண்டையிலிருந்து எண்ணெயை வழித்து அவருடைய வலது கன்னத்தில் அப்பினார். மருமகள் தூய நீரை ஊற்றி, இரு கன்னங்களையும் தனித்தனியே தேய்த்து நூறு எண்ணினாள். தங்கை பழக்க தோஷத்தில் விரலை வைத்து அளந்து, பழக்க தோஷத்திலேயே உரக்க அறிவித்தாள்: "வலது கன்னம் ஆத்மா. இடது கன்னம் பீடை."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.

மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ வாம்மா, வீட்டுக்குப் போலாம்," என்றவர் மகன் பக்கம் திரும்பினார். "யாரையாவது அனுப்பியே ஆகணும்னா நீ போடா, உன் மாமியார் வீட்டுக்கு."

படிக்கட்டில் இன்னும் வரிசை நின்றது. உள்ளே என்ன சொன்னார்கள் என்று ஒருவர் கேட்டார்.

"முகத்தோட நிறுத்திக்காதீங்க," என்றாள் மருமகள். "அதுக்குப் பின்னாடி மூளைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு தடவை உபயோகிச்சுப் பாருங்க. வலிக்காது."