எடிசன் முகவரியும் பேர்லேண்ட் மனைவியும்

பஸீலாவைக் கேட்காமல் ஒரு பெரிய விஷயத்தையாவது நானே முடிப்பது என்று 2008 மார்ச் மாதம் சபதம் எடுத்தேன். பஸீலா என் மனைவி. சபதத்தை மனசுக்குள்தான் எடுத்தேன். சத்தமாக எடுக்கிற அளவுக்குத் துணிச்சல் இல்லை.

விஷயம், என் கிரீன் கார்டு. பத்து வருஷம் முடிகிறது, புதுப்பிக்க வேண்டும். அதை எனக்கு ஸ்பான்ஸர் செய்தது நியூ ஜெர்சியில், எடிசனில் இருந்த ஒரு கம்பெனி. நாங்களோ பஸீலாவுக்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று டெக்சஸுக்கு, ஹூஸ்டன் பக்கத்தில் பேர்லேண்டுக்குக் குடிவந்துவிட்டோம். பனி விழுவது கார் மேல். அதைச் சுரண்டுவது நான். ஒத்துக்கொள்ளாதது மட்டும் அவளுக்கு.

ஆபீஸில் பக்கத்து சீட் பத்மநாபன் பீதியைக் கிளப்பினார்.

"ஸ்பான்ஸர் பண்ண ஊரை விட்டே வந்துட்டீங்களா? போச்சு! ஏன் வந்தேன்னு ஆபீசர் கேப்பான். என்ன சொல்வீங்க?"

"பொண்டாட்டி சொன்னான்னு சொல்வேன்."

"அதுக்கெல்லாம் ஃபார்ம்ல கட்டம் கிடையாது சார்."

உஸைர் என்கிற என் பேரைப் பார்த்தாலே ஏர்போர்ட்டில் விசாரணைக்குத் தனி நாற்காலி போடுகிறார்கள். கார்டிலும் சிக்கல் வந்தால்? வேலை, வீடு, ஸ்கூலில் படிக்கிற மகள் ஃபைஹா என்று எல்லாமே கண் முன்னால் ஆடியது. அன்றே திட்டம் போட்டேன். நான் எடிசனை விட்டு நகரவே இல்லை! நண்பன் ஷம்சுதீனின் எடிசன் வீட்டு முகவரியைப் போட்டு அப்ளை பண்ணினேன். கைரேகை வைக்க வரச்சொல்லிக் கடிதமும் அவன் வீட்டுக்கே போனது. போனில் தேதி சொன்னான். டிக்கெட் போட்டேன்.

"எடிசன்ல ரெண்டு நாள் டிரெய்னிங்" என்றேன் பஸீலாவிடம்.

"என்ன டிரெய்னிங்?"

"அது... லீடர்ஷிப்."

"கண்டிப்பா போயிட்டு வாங்க. உங்களுக்குத் தேவைதான்."

ஃபைஹா கார்ன்ஃப்ளேக்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "வாப்பா, வை ஆர் யூ ஸ்வெட்டிங்?"

எடிசனில் ஷம்சுதீன் மனைவி மெஹர் நிஷா பிரியாணி போட்டாள். இரண்டாவது தடவை பரிமாறும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

"அண்ணே, ஹூஸ்டன்ல கைரேகை வியாழக்கிழமைதானே? அதுக்குள்ள திரும்பிடுவீங்கல்ல?"

எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன். ஷம்சுதீன் சீலிங் ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"ஹூஸ்டனா?"

"உங்க பேர்ல கவர்மென்ட் லெட்டர் எங்க வீட்டுக்கு வரவும் எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. அப்பவே பஸீலாவுக்கு போன் பண்ணிட்டேன்."

நானும் போனை எடுத்தேன்.

"பஸீலா..."

"லீடர்ஷிப் முடிஞ்சுதா?"

"அது வந்து... ஊர் மாறினது தெரிஞ்சா கார்டு போயிடும்னு பத்மநாபன் சொன்னாரு."

"நான் வக்கீலைக் கேட்டேன். கார்டு வாங்கி இத்தனை வருஷம் கழிச்சு எந்த ஊர்ல வேணா இருக்கலாமாம். என்னோடதுக்கு நானே அப்ளை பண்ணி, புதுக் கார்டு பேர்லேண்ட் அட்ரஸுக்கே வந்து ஃப்ரிட்ஜ் மேல கிடக்கு. பாக்கலை?"

"இல்லையே."

"வீடு மாறினது தப்பில்லைங்க. இல்லாத வீட்ல இருக்கேன்னு எழுதறதுதான் தப்பு. அதான் உங்க அட்ரஸைத் திருத்தி அனுப்பி, கைரேகையையும் ஹூஸ்டனுக்கு மாத்திட்டேன்."

"என் கையெழுத்து இல்லாமலா?"

"நீங்கதானே போட்டீங்க! அட்ரஸ் மாத்தற பேப்பர்னு சொல்லித்தான் நீட்டினேன். கிரிக்கெட் பாத்துக்கிட்டே சரி சரின்னு போட்டீங்க."

"எல்லாம் தெரிஞ்சும் என்னை எதுக்கு ஃப்ளைட் ஏற விட்டே?"

"மெஹர் நிஷா வீட்ல நம்ம கிரைண்டர் கிடக்கு. லாரில இடமில்லைன்னு விட்டுட்டு வந்தீங்களே. அதை யாரு தூக்கிட்டு வர்றது?"

கிரைண்டரின் பாத்திரம் பெட்டிக்குள் போனது. எடை கூடிவிட்டதால் கல் என் கைப்பைக்குள் வந்தது. ஏர்போர்ட்டில் எக்ஸ்ரேயைப் பார்த்த அதிகாரி என் பேரையும் பார்த்தார். வழக்கமான தனி நாற்காலி.

"வாட் இஸ் திஸ்?"

"இட்லி" என்றேன். வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

கல்லைத் தட்டினார். துணியால் துடைத்து, வெடிமருந்து இருக்கிறதா என்று அந்தத் துணியை மெஷினில் வைத்தார். உளுந்துதான் வந்திருக்கும். கடைசியில் நான் உண்மையைச் சொன்னேன். "மை வைஃப் வான்ட்ஸ் இட்."

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. தன் கல்யாண மோதிரத்தைத் திருகியபடி, "யூ கேன் கோ, சார்" என்றார். கூடப்பிறந்தவர் சொன்ன மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை பஸீலாதான் கார் ஓட்டினாள். எடிசனை ஏன் விட்டாய் என்ற கேள்விக்கு ஃப்ரீவே நெடுக நான் பதிலை மனப்பாடம் செய்தேன். கைரேகை எடுத்த அம்மாள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். விரலை விறைப்பாக வைக்காதீர்கள் என்றார். பத்தும் பளிச்சென்று பதிந்தன. "புதுக் கார்டு பேர்லேண்டுக்கு வந்துவிடும்" என்று சிரித்தார். குடிவந்த நாளிலிருந்து முதல் தடவையாக அது என் சொந்த ஊர் மாதிரிக் காதில் விழுந்தது.

காரில் ஏறியதும் எனக்கு மனசு இளகிவிட்டது.

"பஸீலா, இனிமே உன்னைக் கேக்காம எதுவுமே செய்ய மாட்டேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்றாள், சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "அடுத்த மாசம் சிகாகோவுக்கு ஏதாவது ரகசியமா போயிட்டு வாங்க. தங்கச்சி வீட்ல எனக்கு ஒரு தையல் மெஷின் இருக்கு."