சார்ஜர் மட்டும் போதும்

எல்லாம் வீட்டிலேயே வைத்திருப்பவர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எதைக் கேட்டாலும் "நம்மகிட்டயே இருக்குதே" என்பார். இருக்கும், ஓடாது. ஓடாத பொருளை இல்லாத பொருள் என்று ஒப்புக்கொள்ள மட்டும் அவருக்கு வாய் வராது.

கம்பைநல்லூர் சென்னப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டிய வருஷம் அவர் வாங்கிய வயரில்லாத டிரில் மெஷின், பழைய துண்டு சுற்றி, பீரோவில், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் சொகுசாகக் குடியிருக்கிறது. அது இதுவரை போட்ட ஓட்டைகள் மொத்தம் மூன்று. நாலாவதற்குள் சார்ஜர் புகைந்துவிட்டது. அன்றிலிருந்து ஆறு வருஷமாக மனிதர் சார்ஜர் தேடுகிறார்.

தேடிக்கொண்டு போகட்டும், நமக்கென்ன? ஆனால் போன மாதம் பாத்ரூம் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. கதவு நிலையோ சிமெண்ட். புதிதாக ஓட்டை போட்டால்தான் தாழ்ப்பாள் நிற்கும். கதவுக்கு வெளியே சிவப்பு பக்கெட் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று கணவன் மனைவி இருவரும் ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார்கள். இப்போது ஆடி பிறக்கப் போகிறது. வைகாசியில் கல்யாணமான மகள் பூவிழி, புது மாப்பிள்ளையோடு முதன்முதலாகத் தங்க வருகிறாள்.

"மாப்ளகிட்டயும் பக்கெட்ட வெச்சுட்டுப் போங்கன்னு சொல்றதாங்க?" என்றாள் மனைவி நஞ்சம்மாள். "மானம் போயிரும். தச்சு வேலை மாதுவக் கூப்புடுங்க. பத்து நிமிச வேலை."

"மெஷின வூட்ல வெச்சுக்கிட்டு ஆளக் கூப்புட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க? சார்ஜர் மட்டும் கெடைக்கட்டும்."

மாதுவைக் கூப்பிட்டால் ஆறு வருஷமாகப் பூட்டி வைத்திருப்பது வெறும் இரும்பு என்று ஊருக்கே தெரிந்துவிடுமே. அதுதான் அவருடைய பயம். ஆகவே அரூர் போனார், தர்மபுரி போனார், சேலத்துக்கும் பஸ் ஏறினார். பின் பொருந்தினால் வோல்ட் பொருந்தாத, வோல்ட் பொருந்தினால் பின் பொருந்தாத சார்ஜர்களாக நாலைந்தை வாங்கி வந்து, என்றைக்காவது உதவும் என்று அவற்றையும் பீரோவில் ஏற்றினார். பட்டுப்புடவைகள் இடம் மாறின.

"இந்த மாடல் இப்ப வர்றதே இல்லீங்க," என்றார் சேலத்துக் கடைக்காரர். "புது மெஷின் எடுத்துக்குங்க. சார்ஜரோடவே வருது."

"மெஷின் இருக்குதுங்க. சார்ஜர் மட்டும் போதும்."

கடைக்காரர் கையை விரித்தார். சென்னப்பனுக்கு வருத்தமா? அதுதான் இல்லை. இப்போது வராத மாடல் என்று கேட்டதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் அரூர் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆடி பிறந்தது. மாப்பிள்ளை கதிரவன் வந்தார். காபி குடித்து முடிப்பதற்குள் சென்னப்பன் பீரோவைத் திறந்து, துண்டைப் பிரித்து, மெஷினை அவர் முன்னால் வைத்துக் கதையைச் சொன்னார். கதிரவன் முகம் மலர்ந்தது.

"மாமா, இதே மாடல் எங்க வூட்லயும் இருந்துதுங்க. மெஷின் போயிருச்சு. சார்ஜர் மட்டும் புதுசாட்டம் இருக்குது."

சென்னப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷத் தவம் அல்லவா? "அப்ப அதக் குடுத்துருங்க மாப்ள."

"அதெப்படிங்க மாமா? சார்ஜர்தான் நம்மகிட்டயே இருக்குதே. அதுக்கு மெஷின் மட்டுந்தான் நான் தேடிட்டு இருக்கறேன். நீங்க இதக் குடுத்தீங்கன்னா..."

சென்னப்பன் மெஷினை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நஞ்சம்மாள் மகளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அங்கயும் இப்படித்தானா கண்ணு?"

"மிக்ஸி மூணு இருக்குதும்மா," என்றாள் பூவிழி. "சட்னி அம்மியிலதான்."

நஞ்சம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு மாது வீட்டுக்கு நடந்தாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த கையோடு உங்கள் மேஜை இழுப்பறையைத் திறந்து, எதற்கென்றே தெரியாமல் சுருண்டு கிடக்கும் அந்தக் கறுப்பு வயரை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். என்ன, கை வரவில்லையா?